நீச்சலும் நலவாழ்வும்

தமிழர்க்கும் நீருக்கும் இருந்த உறவுக்குத் தமிழ்ச் சொற்களே சான்று பகரும். நின்றால் கால் தரையில் பாவுகின்ற நீரை ‘நிலை’ என்றும், கால் பாவாமல் நீந்தியே கடக்க வேண்டிய ஆழத்தை ‘நீத்து’ என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். ‘குளித்தல்’ என்னும் சொல் இன்று குளியலறைக்குள் ஒடுங்கிவிட்டது. ஆயினும் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களில் மூழ்குதல் என்ற அதன் பழம்பொருள் இன்னும் உயிரோடு நிற்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி எனும் மன்னார் வளைகுடாக் கரையூர்களில் மூச்சை அடக்கிக் கடலின் அடிக்குச் சென்று மீள்வதையே பிழைப்பாகக் கொண்ட குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு ஓய்ந்துபோனது. கடல் தந்த தொழில் போனாற்போலவே, ஊருணியும் ஏரியும் ஏற்றக் கிணறும் தந்த நீச்சலும் நம் பிள்ளைகளின் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது.

புறநானூற்றின் 243ஆம் பாடலை நம் துறை மாணவர் அனைவரும் பயின்றிருப்பர். தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய அப்பாடலில், கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேச வல்ல ஒரு முதியவர், தம் இளமையை எண்ணி இரங்குகிறார். எதை எண்ணி இரங்குகிறார் என்பதுதான் கருதத் தக்கது. செல்வத்தையோ பதவியையோ அவர் நினைக்கவில்லை. நீர்த்துறையில் தாழ்ந்து கிடந்த மருத மரத்தின் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்க, நீர்த்துளி தெறிக்கக் குதித்து, ஆழமான மடுவின் அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய அந்தக் கள்ளமற்ற இளமை எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறார்.

நீச்சல் இளமையின் ஆட்டம், முதுமைக்கு அதில் இடமில்லை என்பது அம்முதியவரின் எண்ணம். இன்றும் நம்மில் பலருடைய எண்ணம் அதுவே. மீசை அரும்பும் வயதுப் பையன்கள் கிணற்றில் ‘தொபீர்’ என்று குதிப்பதை நாம் விளையாட்டாகக் காண்கிறோமேயன்றி, ஐம்பதைக் கடந்த ஒருவர் நாள்தோறும் கொள்ளத்தக்க மருந்தாகக் காண்பதில்லை. இன்றைய மருத்துவ அறிவியலோ இதற்கு மாறான செய்தியைக் கூறுகிறது. ஓட முடியாதவர்க்கும், நடந்தால் முழங்கால் வலிப்போர்க்கும், உடல் பருத்தோர்க்கும் நீச்சலைப்போல் பொருந்திய பயிற்சி அரிது. கோலூன்றிய அம்முதியவர் கரையிலேயே நின்றுவிடத் தேவையில்லை. மரக்கிளையில் ஏறாமல் படிக்கட்டு வழியே மெல்ல இறங்கியிருந்தால் போதும்!

நீருக்கு மட்டும் அப்படி என்ன தனிச்சிறப்பு? நீரில் அமிழ்ந்த பொருள் தான் வெளியேற்றிய நீரின் எடைக்கு நிகரான எடையை இழந்ததாகத் தோன்றும் என்ற ஆர்க்கிமிடீசின் விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். அந்த விதி நம் முழங்காலுக்கு என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவு நீரில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. கழுத்தளவு நீரிலோ பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். எண்பது கிலோ எடையுள்ளவர் எட்டுக் கிலோ எடையுள்ளவராகிவிடுகிறார் என்றால், தேய்ந்த மூட்டுக்கு அதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

எடையைக் குறைத்துத் தாங்கும் அதே நீர், அசைவை எதிர்ப்பதில் சற்றும் தளர்வதில்லை. காற்றைக் காட்டிலும் நீர் ஏறக்குறைய 800 மடங்கு செறிவானது. கையை வீசும் வேகம் கூடக்கூட நீரின் எதிர்ப்பு அதனினும் விரைந்து கூடும். வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கை எட்டும். ஆகவே வலிமையுள்ள இளைஞனுக்கு வலிய எதிர்ப்பும், தளர்ந்த முதியவர்க்கு மென்மையான எதிர்ப்பும் தாமாகவே அமைகின்றன. உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்புத் தட்டுகளை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். இங்கோ ஆளுக்குத் தக்கபடி தானே அளவு மாறும் எடைக்கல்லாக நீர் விளங்குகிறது. நிலத்தில் கால் பதியும்போது எலும்புக்கும் மூட்டுக்கும் ஏற்படும் அதிர்ச்சியும் இங்கு இல்லை.

மூட்டுத் தேய்மானம் உடைய நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மிதிவண்டிப் பயிற்சியிலும் மற்றொரு பிரிவினரை நீச்சலிலும் மூன்று மாதங்கள் ஈடுபடுத்தினர். 2016ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், இரு பிரிவினர்க்குமே மூட்டு வலியும் விறைப்பும் குறைந்தன. நடக்கும் ஆற்றல் கூடிற்று. மூட்டுக்காரர் அசையாமல் இருப்பதே நலம் என்னும் நம் வீட்டு மருத்துவக் கருத்து மாற வேண்டியது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நீர் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் தூக்கி நிறுத்தும் என்பதற்கு முரளிகாந்த் பெட்கரின் வாழ்வைக் காட்டுவேன். மராட்டிய மாநிலத்துச் சிற்றூரில் பிறந்து இந்தியப் படையில் சேர்ந்த அவர் ஒரு குத்துச்சண்டை வீரர். 1965ஆம் ஆண்டுப் போரில் உடலெங்கும் குண்டு பாய்ந்தது, முதுகெலும்பு அடிபட்டது, இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். நீச்சல் அவருக்கு முதலில் பதக்கம் பெறும் வழியாக வரவில்லை, சிகிச்சையாகவே வந்தது. நிலத்தில் தம்மைச் சுமக்க மறுத்த உடலை நீரில் செலுத்தக் கற்ற அவர், 1972ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஐடல்பர்க் நகரில் நடைபெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனையோடு முதலிடம் பெற்றார். இந்தியாவுக்கு அப்போட்டிகளில் கிடைத்த முதல் தங்கம் அதுவே. நாடு அவரை நெடுங்காலம் மறந்திருந்து, 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ வழங்கியது. மறதியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இங்கு வேண்டாம்.

இதயத்துக்கு வருவோம். கழுத்தளவு நீரில் இறங்கிய மறுகணமே உடலுக்குள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் நாற்புறமும் அணைத்து இறுக்க, அங்குத் தேங்கியிருந்த இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் மார்புப் பகுதிக்கு ஏறுகிறது. இதயம் நன்கு நிரம்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் அதே வேலையைக் குறைந்த துடிப்புகளால் முடித்துவிடுகிறது. நீந்தும்போது நாடித்துடிப்பு, ஓடும்போது இருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்து அளவில் குறைந்தே இருப்பதன் காரணம் இதுதான். நீரில் இறங்கியதும் சிறுநீர் வரும் உணர்வு பலர்க்கும் தோன்றுவதன் காரணமும் இதுவே. மார்பில் கூடிய இரத்தத்தைக் கண்டு, நீர் மிகுந்துவிட்டது எனச் சிறுநீரகத்துக்குச் செய்தி போகிறது. குளத்தில் இறங்குமுன் கழிப்பறைக்குச் செல்லுங்கள் என்று பயிற்சியாளர் கூறுவது வெறும் ஒழுக்க விதியன்று.

மார்பைச் சுற்றி நீர் அழுத்துவதால் மூச்சை உள்ளிழுப்பதற்கு நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை விடுவதும், தலையைத் திருப்பிய சிறு பொழுதில் இழுப்பதும் ஓர் ஒழுங்கான தாளத்தில் நடைபெற வேண்டும். நீச்சல் கற்போர் விரைவில் களைத்துப் போவது கைகால் வலிமைக் குறைவால் அன்று. மூச்சை அடக்கி வைத்துக்கொள்வதால்தான். நீருக்குள் மூச்சைக் குமிழி குமிழியாக வெளிவிடப் பழகியவர்க்குப் பாதி நீச்சல் வந்துவிட்டது எனலாம். குளத்தின் மேற்பரப்பில் காற்று ஈரமாக இருப்பதால், வறண்ட காற்றில் ஓடும்போது இழுப்பு வருகிற ஆஸ்துமா நோயாளிகள் பலர் நீச்சலை எளிதாகத் தாங்குகின்றனர். ஆனால் காற்றோட்டமற்ற உள்ளரங்கக் குளங்களில் குளோரின் நெடி மிகுந்தால் அதே நோயாளிக்கு அது கேடாகவும் முடியும்.

இரத்த அழுத்தம் உயர்ந்தோர்க்கு நீச்சல் ஆகாது என்றொரு அச்சம் முன்பு மருத்துவர்களிடமே இருந்தது. மேற்கூறிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயது கடந்தோரிடம் நடத்தப்பெற்று 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இந்த அச்சத்தைப் பெரிதும் தணித்தது. பன்னிரண்டு வாரம் நீந்திய பிறகு அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 131இலிருந்து 122ஆக இறங்கிற்று. இரத்தக் குழாய்களின் நெகிழ்வும் கூடிற்று. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது இதன் பொருளன்று. மாத்திரையோடு மாத்திரையாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே பொருள்.

நீண்ட காலப் பயனைக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன. பிரிட்டனில் 80,306 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளியானது. நீந்தும் பழக்கமுடையோரிடையே, அப்பழக்கம் இல்லாதவரைக் காட்டிலும், எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் இறப்பு 28 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோய்களால் ஏற்படும் இறப்பு 41 விழுக்காடும் குறைவாகக் காணப்பட்டன. இத்தகைய எண்களைக் கண்டவுடன் துள்ளிக் குதிக்கக் கூடாது. நீச்சல் குளத்துக்குச் செல்ல வசதியும் ஓய்வும் உடையவர் பொதுவாகவே நல்ல உணவும் நல்ல மருத்துவமும் பெறுபவராக இருத்தல் கூடும். ஆய்வாளர் வயது, கல்வி, புகை, மது முதலியவற்றைக் கணக்கிட்டுக் கழித்தே முடிவு கூறுகின்றனர். ஆயினும் முழுவதும் கழித்துவிட முடியாது. உடலுக்குள் நிகழும் மாற்றங்களும் இவ்வெண்களும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் நாம் நம்பலாம்.

எவ்வளவு நீந்த வேண்டும்? வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில், அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் நீந்தினால் இவ்வளவு நிறைந்துவிடும். தொடக்கத்தில் ஒரு நீளம் நீந்தி, ஒரு நிமிடம் சுவரைப் பிடித்து ஓய்ந்து, மீண்டும் நீந்துவதே முறை. பக்கத்துத் தடத்தில் செல்லும் பையனோடு போட்டி போடுவது ஐம்பது வயதினர்க்கு அழகுமன்று, நலமுமன்று.

நீச்சல் வகைகளைப் பற்றி விரிவாகக் கூற இது இடமன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் நாய் நீச்சல், மல்லாக்க நீச்சல், முங்கு நீச்சல் என்று வகைப்படுத்திய கலை அது. கழுத்து, தோள் வலி உள்ளோர்க்கு மல்லாந்து நீந்துவது பெரும்பாலும் இதமளிக்கும். தவளையைப் போல் நீந்துவது நிதானமானது. ஆனால் முழங்காலைப் பக்கவாட்டில் உதைக்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உடையோர்க்கு ஏற்றதன்று. எவ்வகையாயினும் தோள், முதுகு, வயிறு, தொடை என உடலின் பெருந்தசைகள் யாவும் ஒருங்கே இயங்குகின்றன. நடைப்பயிற்சியில் கைக்கு இவ்வேலை இல்லை.

இனி, நீச்சலால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றைப் புகழப் புகுந்தோர் அதன் குறையை மறைத்தல் நம் மேடைகளின் வழக்கம். கட்டுரைக்கு அது ஒவ்வாது. எலும்பு உறுதிபெற அதன்மீது சுமை விழ வேண்டும். நீரோ சுமையை நீக்கிவிடுகிறது. எனவே நீந்துவதால் மட்டும் எலும்பின் அடர்த்தி கூடுவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களும், எலும்பு மெலிந்த முதியோரும் நீச்சலோடு நடையையும் சிறு எடை தூக்குதலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, உடல் இளைப்பு. எழுபது கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் மிதமாக நீந்தினால் இருநூறு கலோரிக்குச் சற்று மேல் செலவாகும். ஆனால் குளிர்ந்த நீரில் நீந்தி எழுந்தவர்க்குப் பசி பிய்த்துத் தின்னும். குளத்திலிருந்து நேரே உணவகத்துக்குச் சென்று நான்கு பரோட்டாவும் சால்னாவும் உண்டால், இழந்ததைப்போல் சில மடங்கு திரும்ப வந்துவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுத்துக்கொள்வோர், நீந்தும்போது இரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரக்கூடும் என்பதை உணர்ந்து, சோதித்துவிட்டு இறங்க வேண்டும். வலிப்பு நோய் உடையோரும் அண்மையில் மாரடைப்பு கண்டோரும் மருத்துவர் ஒப்புதலின்றி, துணையின்றி நீரில் இறங்கவே கூடாது.

சாப்பிட்டவுடன் நீந்தினால் தசை பிடித்து மூழ்கிவிடுவர் என்று பாட்டிமார் எச்சரிப்பர். இதற்கு அறிவியல் சான்று கிட்டவில்லை. வயிறு நிறைய உண்டு நீந்தினால் குமட்டும், மூச்சு வாங்கும். அதுவே காத்திருக்கப் போதிய காரணம்.

நீரின் தூய்மை பற்றிச் சிறிது. பொதுக் குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால், குளோரினை மிகுதியாகக் கொட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது குளோரின் நெடியன்று. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து விளைந்த குளோரமின் எனும் சேர்மத்தின் நெடி அது. நன்கு பேணப்பட்ட குளத்தில் அந்நெடி மிகக் குறைவாகவே இருக்கும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குக என்ற பலகை நம்மவர் பெரும்பாலோர் கண்ணில் படுவதே இல்லை. நீந்தி எழுந்தபின் தலையைச் சாய்த்துக் காது நீரை வடித்து, வெளிக்காதைத் துணியால் துடைத்தல் போதும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடுவதால்தான் காதில் புண் வருகிறது.

ஊர்க் குளம், குட்டைகளில் வேறொரு கவலை தோன்றியிருக்கிறது. வெதுவெதுப்பாகத் தேங்கிய நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளைக்கு ஏறி உயிரைப் பறிப்பது மிக அரிது. ஆனால் 2024ஆம் ஆண்டில் கேரளத்தில் சிறுவர் சிலர் இந்நோயால் இறந்தனர். அந்நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை, மூக்கில் ஏறுவதால்தான் வருகிறது. கோடையில் வற்றிக் கலங்கிய குட்டையில் தலைகீழாய்க் குதித்து விளையாடுவதைத் தவிர்த்தல் அறிவுடைமை.

எங்கே கற்பது என்ற கேள்விதான் எல்லாவற்றினும் கடியது. முன்பு இக்கேள்வி எழுந்ததே இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டியோ, வாழைத்தண்டைக் கையில் கொடுத்தோ, இடுப்பில் கயிறு பிணைத்தோ மாமனோ சித்தப்பாவோ கிணற்றில் இறக்கிவிடுவார். கட்டணமில்லை, சான்றிதழுமில்லை. நீந்தத் தெரியாதவனைக் ‘கடப்பாரை நீச்சல்காரன்’ என்று ஊரே நகையாடும். அந்நகைப்புக்கு அஞ்சியே கற்றுக்கொண்டவர் பலர். ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தபின் திறந்த கிணறுகள் வறண்டன. குளங்கள் பல பேருந்து நிலையங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. ஆற்றில் நீர் வரும் நாள்கள் சுருங்கின. பெருநகரங்களில் நல்ல நீச்சல் குளங்கள் அமைந்துள்ளன. 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சென்னை வேளச்சேரியில் எழுந்த நீச்சல் வளாகம் அவற்றுள் ஒன்று. சிற்றூர் மாணவனுக்கு அவை எட்டாக் கனி.

வாய்ப்பு கிட்டினால் நம் பிள்ளைகள் எவ்வளவு தூரம் செல்வர் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டு தம் பன்னிரண்டாம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவ்வோராண்டிலேயே ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென் ஓராண்டில் ஐந்து கடந்த சாதனையை மிஞ்சினார். பாக்கு நீரிணையின் மறுகரையில், வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ஆம் ஆண்டு அந்நீரிணையை நீந்திக் கோடியக்கரைக்கு வந்து மீண்டும் நீந்தியே தம் கரைக்குத் திரும்பினார்.

பெண்மக்கள் நிலை இன்னும் கடினம். பையன்கள் எங்கேனும் ஒரு வாய்க்காலில் குதித்தாவது கற்றுவிடுகின்றனர். பெண்களுக்கு அதுவும் இல்லை. நாணமும் மறைவும் பேணும் குடும்பங்கள் நீச்சலையே வேண்டாம் என ஒதுக்கிவிடுகின்றன. வேண்டாத ஒதுக்கம் அது என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக வழிவழியாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. பாலைநிலத்து மக்களுக்கு நீச்சல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காவிரியும் தாமிரபரணியும் ஓடும் நாட்டில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் அமைத்தால் மறைவுக்குக் குறை வராது. உடல் முழுவதும் மறைக்கும், நீரில் கனக்காத துணியால் ஆன நீச்சல் உடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பருத்திச் சுடிதாரோடும் துப்பட்டாவோடும் இறங்குவதுதான் ஆபத்து. நீரை உறிஞ்சிக் கனத்துக் கைகாலைப் பிணிக்கும். கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவர் இசைவோடு மிதமான நீச்சல் முதுகுவலியைத் தணிக்கும் நல்ல பயிற்சி. கல்லூரிக்கு நிலமும் கொடையாளரும் வாய்த்த ஊர்களில், கலையரங்கம் ஒன்று எழுப்பும் பொருளில் ஒரு பகுதியை நீச்சல் குளத்துக்கு ஒதுக்குவது பற்றிப் பெரியோர் சிந்திக்கலாகாதா? விழா ஆண்டுக்கு ஒருமுறை. குளமோ நாள்தோறும் பயன்படும்.

உடல்நலத்துக்கும் மேற்பட்ட ஒரு காரணம் இதற்கு உண்டு. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. பத்தில் ஒன்பது இறப்புகள் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் நிகழ்பவை. கோடை விடுமுறையிலும் தேர்வு முடிந்த நாள்களிலும் செய்தித்தாளைப் பிரித்தால், ஆற்றில் குளிக்கச் சென்ற மாணவர் என்று ஒரு செய்தி காணாத வாரம் குறைவு. மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் நீரிலிருந்து அடுத்த அடி ஆளை விழுங்கும் பள்ளமாக இருக்கும். கைவிடப்பட்ட கல்குவாரிகளின் நீர் தெளிந்து அழகாகத் தோன்றும். கரையோ செங்குத்தான பாறை. இறங்கியவர் ஏறப் பிடிமானம் இல்லை. நிலைக்கும் நீத்துக்கும் இடையே அங்கு ஓரடி இடைவெளிகூட இராது. நீந்தத் தெரிந்தவரும் அத்தகைய இடங்களில் இறங்கலாகாது. குளத்தில் நீந்தும் வன்மை வேறு. சுழலும் இழுப்பும் உள்ள ஆறும் கடலும் வேறு. முங்கு நீச்சலில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க வேண்டிப் பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விட்டபின் மூழ்குவதும் உயிருக்குக் கேடு. அவ்வாறு செய்தால் மூச்சு விடவேண்டும் என்ற உணர்வு தோன்றுமுன்பே நினைவு தப்பிவிடும்.

மூழ்குகிறவன் ‘காப்பாற்றுங்கள்’ எனக் கூவி இரு கைகளையும் ஆட்டுவான் என்பது திரைப்படம் கற்பித்த பொய். வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் ஆகிக்கொண்டிருப்பவனுக்கு மூச்சுக்கே பொழுது போதாது. கூவ எங்கே பொழுது? தலையைப் பின்னே சாய்த்து, ஓசையின்றி, ஒரே இடத்தில் ஏணியில் ஏற முயல்பவனைப் போலக் கைகளை நீரில் அழுத்திக்கொண்டிருப்பான். ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிடுவான். அவனைக் கண்டதும் நண்பன் குதிக்கிறான், பதற்றத்தில் அவன் இவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், இருவரும் போகின்றனர். நம் செய்திகளில் ஓர் இறப்பு இரண்டாகவும் மூன்றாகவும் பெருகுவது இவ்வாறுதான். உயிர்மீட்புப் பயிற்சி பெறாதவர் குதித்தல் கூடாது. கரையில் படுத்துக்கொண்டு நீண்ட கழியை நீட்ட வேண்டும். அல்லது கயிறு, முறுக்கிய வேட்டி, சேலை எதையேனும் எறிய வேண்டும். மூடியிட்ட வெறும் தண்ணீர்க் குடம், காற்றடைத்த டியூப், வாழைத்தண்டு என மிதப்பது எதுவாயினும் அவன் கைக்கு எட்டச் செய்தால் போதும்.

கரையேற்றிய பின் நம்மவர் செய்யும் முதற்செயல், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதுமே. இதனால் காலம் வீணாகும். வயிற்றிலிருந்து வருவது மூச்சுக்குழலுக்குள் புகுந்து மேலும் கேடு விளைக்கும். மூழ்கியவரின் இதயம் நிற்பது உயிர்வளி இன்மையால். ஆகவே அவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. மல்லாக்கக் கிடத்தி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும்படி மூச்சு ஊத வேண்டும். பின்பு மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 30 முறை விரைந்து அழுத்தி, 2 முறை ஊதி, மீண்டும் 30 முறை அழுத்த வேண்டும். இடையே ஒருவர் 108க்குத் தொலைபேசியில் அழைக்கட்டும். மூச்சு திரும்பும் வரையிலோ, மருத்துவ ஊர்தி வந்து சேரும் வரையிலோ கை ஓயலாகாது. ஒருவர் களைத்தால் மற்றவர் தொடர வேண்டும். மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கே கொண்டு செல்ல வேண்டும். நுரையீரலுக்குள் சென்ற நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படக்கூடும்.